நடிப்பைப் பார்க்கும் முன் இடுப்பளவு கேட்கும் சேவை: ஓராண்டு அனுபவம்

நடிகர்களையும், வேடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களையும் இணைக்கும் ஓர் இணையவழிச் சேவையில் கட்டணம் செலுத்தி ஓராண்டு உறுப்பினராக இருந்தேன். நான் பல ஆண்டுகளாக மேடையில் நடித்துவருபவள். பருத்த உடல்வாகு உடையவள். என்னைப் போன்ற நடிகைகளை இந்தச் சேவை எப்படி நடத்துகிறது என்பதையே இங்கே முதன்மையாக எழுதுகிறேன். சேரும் முன் நான் தேடிப் படித்த மதிப்புரைகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காணொளிகளைப் பதிவேற்றுவது எளிது; அறிவிப்புகள் உடனுக்குடன் வருகின்றன; போலி வாய்ப்புகளைப் புகார் செய்தால் அன்றே நீக்குகிறார்கள். குரல் நடிப்புப் பிரிவு மிகச் சிறப்பானது. அங்கே தேர்வாளர் நம் ஒலிப்பதிவை மட்டுமே கேட்கிறார் என்பதால், எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவிலிருந்தே வந்தன.

திரை நடிப்புப் பிரிவு அப்படி இல்லை. பதிவுப் படிவத்தில் ஆண்களிடம் உயரம், தெரிந்த மொழிகள், திறமைகள் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, பெண்களிடம் கூடுதலாக எடை, மார்பளவு, இடுப்பளவு எல்லாவற்றையும் கட்டாயமாகக் கேட்கிறார்கள். உடை வடிவமைப்பாளருக்கு அளவுகள் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேடம் உறுதியான பிறகு நேரில் வரவழைத்து அளவெடுப்பதுதான் தொழில் வழக்கம். எப்போதோ தட்டச்சு செய்த எண்ணை நம்பி எந்தத் தையற்கலைஞரும் துணியை வெட்டுவதில்லை. ஆகவே, பதிவு செய்யும்போதே கேட்கப்படும் இந்த அளவுகள் ஆளைக் கழிப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றன.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. இயக்குநரான தோழி ஒருவர் தேர்வாளரின் பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் இடுப்பளவுக்கென்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைச் சற்றே இடப்புறம் நகர்த்தியதும் என் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. எத்தனை பேர் மறைந்தார்கள் என்ற விவரம் தேர்வாளருக்கும் தெரிவதில்லை. அதன் பிறகு ஒரு மாதம் மட்டும், ‘உடல்வாகு’ என்ற கட்டத்தில் ‘பருத்த’ என்பதை ‘நடுத்தரம்’ என்று மாற்றி, அளவுகளையும் அதற்கேற்பக் குறைத்து வைத்துப் பார்த்தேன். படங்களும் நடிப்புக் காணொளியும் பழையவையே. அதுவரை நாயகியின் தோழி, சிரிப்பு மூட்டும் பக்கத்து வீட்டுப் பெண், விடுதிக் காப்பாளர் என்று வந்துகொண்டிருந்த அழைப்புகளுக்கு நடுவே, முதல் முறையாக ஒரு வழக்கறிஞர் வேடமும் ஒரு மருத்துவர் வேடமும் வந்தன. அந்த இரண்டு வேடங்களின் குறிப்பிலும் உடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பொய்யான விவரத்தோடு தொடர மனமில்லாமல் மீண்டும் உண்மையான அளவுகளையே பதிந்தேன்; அத்தகைய அழைப்புகள் நின்றுவிட்டன.

2004ஆம் ஆண்டில் லண்டனின் ராயல் ஓபரா ஹவுஸ் என்ற இசைநாடக அரங்கம், அமெரிக்கப் பாடகி டெபோரா வாய்ட்டை ஒரு தயாரிப்பிலிருந்து நீக்கியது. அவருடைய குரலில் குறையில்லை. அந்த வேடத்துக்கென்று தீர்மானித்திருந்த கறுப்பு உடை அவருக்குப் பொருந்தாது என்பதே காரணமாக இருந்தது. செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின், 2008இல் அவர் அதே அரங்கில் அதே வேடத்தைப் பாடினார். அந்த அநீதிக்கு ஒரு முகவரி இருந்தது, கேள்வி கேட்க முடிந்தது. தொடக்க காலத்தில் இரண்டு வாரங்களில் 15 பவுண்டு எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ஹாலிவுட் நடிகை ஜெனிபர் லாரன்ஸ் 2017இல் பொதுமேடையில் கூறியபோதும், அப்படிச் சொன்னவர் என்று ஒருவர் இருந்தார். இந்தச் சேவையிலோ யாரும் யாரையும் மறுப்பதே இல்லை. மறுக்கப்பட்டோம் என்பதை அறியாமலேயே நடிகை மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

படங்களைப் பதிவேற்றும்போது ‘மேம்படுத்து’ என்ற வசதி தானாகவே இயங்குகிறது. வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதி என்றே நினைத்திருந்தேன்; என் தோள்களையும் தாடையையும் அது ஒடுக்கியிருந்ததை ஒரு நேர்முகத் தேர்வில், “படத்தில் வேறு மாதிரி இருந்தீர்களே” என்று கேட்டபோதுதான் கவனித்தேன். நான் செய்யாத ஏமாற்றுக்கு நான் கூனிக்குறுகி நின்றேன். வணிக விளம்பரங்களில் மாடல்களின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்தியிருந்தால், திருத்தப்பட்ட படம் என்று அதில் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய குறிப்பு எதுவும் இங்கே இல்லை.

வாடிக்கையாளர் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். கேமரா உடலைப் பருமனாகக் காட்டும் என்பதால் தேர்வாளர்களே அளவுகளைக் கேட்கிறார்கள் என்று பதில் வந்தது. எந்த லென்ஸ், எவ்வளவு தொலைவு, எந்த ஒளியமைப்பு என்பதைப் பொறுத்து முகமும் உடலும் அகலமாகவோ ஒடுக்கமாகவோ தெரியும். அது ஒளிப்பதிவாளரின் கையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நடிகையின் இடுப்பின் மீது சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குரல் நடிப்பில் வாய்ப்புத் தேடுபவர்கள் தயங்காமல் சேரலாம். திரை வாய்ப்புக்காகச் சேரும் பெண்கள் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தாமல் மாதக் கட்டணத்தில் தொடங்குவதும், முதல் வேலையாக ‘மேம்படுத்து’ வசதியை நிறுத்திவிடுவதும் நல்லது. அளவுகள் கேட்கும் கட்டங்களைக் கட்டாயமற்றவையாக மாற்றும்படி நீங்களும் அவர்களுக்கு எழுதுங்கள். என் இரண்டாவது கடிதத்துக்கு, இந்தக் கோரிக்கையை இதுவரை வேறு யாரும் எழுப்பவில்லை என்றே பதில் அனுப்பியிருந்தார்கள்.