தங்கிப் பெறுவதா, மையத்துக்குப் போவதா, வீட்டிலேயே செய்வதா? சிறு குழந்தையின் மறுவாழ்வு சிகிச்சை

மூளைக்காய்ச்சலோ, நீண்ட நாள் வென்டிலேட்டரோ, புற்றுநோய் சிகிச்சையோ, எதுவானாலும் குழந்தை பிழைத்து எழுந்துவிட்டது. டிஸ்சார்ஜ் தாளின் அடியில் 'தெரபி தொடரவும்' என்று ஒரு வரி. எங்கே, யாரிடம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பெற்றோர் பாடு. வழிகள் மூன்று: மறுவாழ்வுப் பிரிவில் தங்குவது, தெரபி மையத்துக்குப் போய் வருவது, தெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே செய்வது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் என் ஓட்டு வீட்டுக்கு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

முதல் வழியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. விழுங்கும்போது புரையேறுகிறது, தொண்டையில் ட்யூப் இருக்கிறது, வலிப்பு அடங்கவில்லை என்றால் தங்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் மறுவாழ்வு மருத்துவமனைகளில் நாளுக்கு 3 மணி நேரம், வாரம் 5 நாள் என்பது வழக்கமான அளவு. எந்த வீட்டிலும் அது நடக்காது. பாக்டீரியாவால் வந்த மூளையுறைக் காய்ச்சல் என்றால் கிளம்பும் முன் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கேட்கும் திறன் போயிருந்தால் உள்காதின் நத்தைச்சுருள் எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால், கேட்க உதவ உள்காதில் அறுவை சிகிச்சை செய்து வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவது கடினம்.

உண்மையான போட்டி மையத்துக்கும் வீட்டுக்கும் இடையில்தான். மையத்தின் பலம் கருவிகள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கிருக்கும் பழகிய கண்தான் பலம். நரம்புகளைப் பாதிக்கக்கூடிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து போட்ட குழந்தை அடிக்கடி தடுக்கி விழுந்தால் வீட்டில் 'கவனமில்லை' என்பார்கள். பாதத்தின் முன்பகுதி தூக்காமல் தொங்குவதைத் தெரபிஸ்ட் நான்கு எட்டிலேயே பார்த்துவிடுவார். ஆனால் குழந்தையைப் படுக்கவைத்துக் கைகாலை மடக்கி நீட்டிவிட்டு 'இன்றைக்கு முடிந்தது' என்று அனுப்பும் மையங்களும் இருக்கின்றன. அப்படிச் செய்வதால் மட்டும் குழந்தைக்கு நடை வராது. அது தானே முயன்று, தவறி, மறுபடி முயன்றால்தான் கற்றுக்கொள்ளும்.

வீடு ஜெயிப்பது இந்த இடத்தில்தான். வலது கை பலவீனமான மூன்று வயதுக் குழந்தையை மையத்தில் பலகை ஓட்டைகளில் குச்சி செருகவைப்பார்கள். வீட்டில் ஒரு காலுறை போதும். போடுவதைவிடக் கழற்றுவது சுலபம், அதனால் கழற்றலில் தொடங்க வேண்டும். குதிகால் வரை நீங்கள் இறக்கிவிட்டு, விரல் நுனியில் தொங்குவதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது வெடுக்கென்று இழுத்து எறியும், வெற்றி அதனுடையது. பிறகு குதிகாலையும் அதற்கே விடலாம். பெருமூளை வாதம் (வளரும் மூளை பாதிக்கப்பட்டு அசைவுகள் தடைபடும் நிலை, செரிப்ரல் பால்சி) உள்ள 36 குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், வீட்டுப் பயிற்சி பெற்றவர்களிடம் 8 வாரத்திலேயே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர் செலவிட்டது மாதத்தில் ஏறத்தாழ 17 தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நோய் வேறுதான், ஆனாலும் நாளெல்லாம் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை என்பது தெரிகிறது. அங்கேயும் என்ன பயிற்சி, எந்த இலக்கு என்பதைத் தெரபிஸ்ட் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தார். யூடியூப் பார்த்துச் செய்வது இந்தக் கணக்கில் வராது.

ஒரு கை மட்டும் பலவீனம் என்றால் அதற்குள்ளும் ஒரு தேர்வு உண்டு: நல்ல கைக்கு உறை போட்டு மற்றதை உழைக்கவைப்பதா, இரு கையும் தேவைப்படும் விளையாட்டுகளா? பயிற்சி நேரம் சமமாக இருந்தால் பலனும் ஏறக்குறைய சமம்தான். ஊசி போடக் கையைப் பிடித்து அமுக்கியதை இன்னும் மறக்காத குழந்தையிடம் நான் இரண்டாவதில்தான் தொடங்குவேன்.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறையை 'பேக்கேஜ்' போட்டு விற்பவர்களும் வருவார்கள். பெருமூளை வாதக் குழந்தைகள் 111 பேரை வைத்துக் கனடாவில் நடந்த ஆய்வு 2001-இல் வந்தது. ஆக்சிஜன் பெற்றவர்களும், சற்றே அழுத்தம் கூட்டிய வெறும் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவுதான் முன்னேறினார்கள். அந்தப் பணத்தை நல்ல தெரபிஸ்டின் நேரத்துக்குக் கொடுக்கலாம்.

வீட்டு வழியின் பெரிய ஆபத்து, அம்மா தெரபிஸ்டாகிவிடுவது. விளையாட்டெல்லாம் பரீட்சையாகிவிடும், அண்ணனோ அக்காவோ ஓரத்தில் நிற்பார்கள். ஐசியூவிலிருந்து மீண்ட குழந்தைகளின் பின்விளைவுகளைப் பற்றி ஆய்வாளர்கள் 2018-இல் வகுத்த சட்டகத்தில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். உதவிக்கு யார் என்றால், கவுன்சிலரா, இதே நிலையில் இருக்கும் பெற்றோர் குழுவா, வீட்டு வேலைக்கு ஒரு ஆளா? முதலில் ஆள். தூங்காதவருக்கு ஆலோசனை ஏறாது. ஐசியூ நினைவுகள் மாதக்கணக்கில் துரத்தினால் கவுன்சிலரைத் தள்ளிப்போடக் கூடாது. பெற்றோர் குழு தைரியத்துக்கு நல்லது. மருந்து, மாத்திரை பற்றி அங்கே கேட்காதீர்கள்.

சரி, வீடு என்று முடிவு செய்தபின் மையத்தைக் கைகழுவிவிடலாமா? கூடாது. வீடியோ அழைப்பில் பேசிக்கொள்ளலாம், ஆனால் தசை இறுக்கத்தைக் கைவைத்துத்தான் பார்க்க முடியும். காலைச் சரியான நிலையில் தாங்கிப்பிடிக்கும் ஸ்ப்ளின்ட் கட்டியிருந்தால், கால் வளர வளர அது அழுத்தும். கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நடையும் பேச்சும் தேறிய பிறகும் கவனம், நினைவாற்றல், சோர்வு தொடர்பான சிக்கல்கள் பள்ளியில் உட்காரும்போதுதான் வெளியே வரலாம். அதனால் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை முழு மதிப்பீட்டுக்கு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.