கண்ணிவெடி தேட நாயா, எலியா?

வெடிகுண்டு தேட மோப்ப நாய் என்றால் உடனே ஒப்புக்கொள்கிறோம். எலி என்றால் தயங்குகிறோம். கம்போடியாவின் வயல்களில் நடப்பதைக் கவனித்தால், அங்கே பல இடங்களுக்கு எலியே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

உலோகம் கண்டறியும் கருவி தேடுவது வெடியை அல்ல, உலோகத்தை. போர் நடந்த மண்ணில் தோட்டா உறை, ஆணி, தகரத்துண்டு என எது கிடந்தாலும் ஒலிக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒருவர் மண்டியிட்டுத் தோண்டிப் பார்த்தாக வேண்டும். டென்னிஸ் மைதானம் அளவு நிலத்துக்கு நான்கு நாள் வரை ஆகலாம். தான்சானியாவின் மொரோகோரோவில் அப்போப்போ நிறுவனம் பழக்கும் ஆப்பிரிக்கப் பெரும்பை எலி அதை அரை மணி நேரத்தில் முடிக்கிறது. அது முகர்வது வெடிமருந்தின் வாடையை மட்டுமே.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார்கள். வார் கட்டிய எலி அந்தக் கயிற்றோடு குறுக்கும் நெடுக்கும் ஓடும். வாடை பட்ட இடத்தில் நின்று முன்னங்கால்களால் பிராண்டும். கூலி, ஒரு துண்டு வாழைப்பழம். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். காதிலும் வாலிலும் வெயிலுக்கான களிம்பு பூசுவார்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் என்பதால் மிதித்தாலும் வெடி வெடிப்பதில்லை. மகாவா என்ற எலி இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருட்களைக் காட்டிக்கொடுத்தது. 2020இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான பி.டி.எஸ்.ஏ. அதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதற்கு அது முழுத் தகுதி உடையது.

வெடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத பரந்த நிலத்தில் நாய்தான் கைகொடுக்கும். ஆனால் நாய் தன்னைப் பழக்கியவரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் மாறினால் மீண்டும் பழக வேண்டும். எலிக்குக் கயிற்றை யார் பிடித்தாலும் ஒன்றுதான். தீனி, கூண்டு, போக்குவரத்து எல்லாமே அதற்குக் குறைந்த செலவு. புல் உயர்ந்து கிடந்தால் மட்டும் எலியால் பயனில்லை, முன்பே வெட்டியாக வேண்டும்.

வெடிகளை நெருக்கமாகப் புதைத்த இடத்தில் இரண்டையும் நம்ப முடியாது. வாடை எங்கும் பரவிக் கிடக்கும். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள முகமாலை அப்படிப்பட்ட மண். அங்கே பெண்கள் பலர் பாதுகாப்பு அங்கியணிந்து, குந்தியிருந்து, கைக்கருவிகளால் மண்ணை மெல்ல வாரி வாரி மிதிவெடி எடுத்தார்கள். அந்த உழைப்புக்கு ஈடான விலங்கும் இல்லை, இயந்திரமும் இல்லை.

இதே இன எலிகளைக் காசநோயை முகர்ந்து கண்டுபிடிக்கவும் பழக்குகிறார்கள். அங்கே கணக்கு வேறு. நூறு சளி மாதிரிகளை எலி 20 நிமிடத்தில் முகர்ந்து முடிக்கும். நுண்ணோக்கியோடு அமர்ந்தவருக்கு நான்கு நாள் வரை ஆகும். நுண்ணோக்கி தவறவிட்ட நோயாளிகளை எலி பிடித்திருக்கிறது. ஆனால் காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதை எலியால் சொல்ல முடியாது. கிருமியின் மரபணுவைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி அதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். அந்தக் கருவியும் அதற்கான குப்பிகளும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஊரில் எலி தேவையில்லை. அவை எட்டாத மருத்துவமனைகளில், நுண்ணோக்கி 'நோய் இல்லை' என்று ஒதுக்கிய மாதிரிகளை எலியிடம் காட்டி, அது நின்று காட்டிய மாதிரியை மட்டும் ஆய்வகத்தில் மறுபடி சோதிப்பதே சரியான முறை.