டோகார்பமைன்: ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

எலிகளின் சிறுநீரகத்தில் டோபமைன் என்ன செய்கிறது என்று வாரக்கணக்கில் பார்க்க வேண்டுமென்றால், அதை ரத்தக்குழாய் வழியே ஏற்றிக்கொண்டே இருக்க முடியாது. டோபமைனை அப்படியே வாய்வழி கொடுத்தாலும் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். வாய்வழி கொடுத்தால் உடலுக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்தான டோகார்பமைன் அந்தச் சிக்கலுக்கு நல்ல பதில். தாராளமாக வாங்கலாம்.

இதன் வடிவமைப்பே அழகு. டோபமைனின் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளையும் எத்தாக்சிகார்பனைல் என்ற வேதித் தொகுதி மூடியிருக்கிறது, அமீன் (நைட்ரஜன் உள்ள) முனையை அசிட்டைல் மெத்தியோனின் என்ற அமினோ அமில மூடி காக்கிறது, இந்த மூடிகள் குடலிலும் கல்லீரலிலும் கழன்ற பிறகுதான் டோபமைன் வெளியே வருகிறது. ஜப்பானின் தனாபே நிறுவனம் இதைத் தனாடோபா என்ற பெயரில் கொண்டுவந்தது. டோபமைன் டிரிப்பில் இருக்கும் நோயாளிகளை அதிலிருந்து விடுவிக்க, வேளைக்கு 750 மில்லிகிராம், தினமும் மூன்று வேளை.

பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும், உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? போதாது. அது மூளைக்குள்ளும் போய் டோபமைனாக மாறும், அப்புறம் ரத்த அழுத்தம் எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

குறை என்றால் முதலில் விலை. அடுத்தது அளவிடுவது: ரத்தத்தில் ஓடும் டோபமைனில் பெரும்பகுதி சல்பேட்டாகவோ குளுகுரோனைடாகவோ இணைந்து, வேலை செய்யாத வடிவில்தான் இருக்கும், மொத்த அளவைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் இணையாத டோபமைனைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். டோபமைன் செயல்படும் ஏற்பிகளில் ஒன்றான டி1-ஐ அடைக்கும் எஸ்சிஎச் 23390 என்ற பொருளைக் கொடுத்த ஒரு எலிக் குழுவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் டோபமைனால் சிறுநீரில் சோடியம் கூடுதலாக வெளியேறியது எந்த ஏற்பியால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் வாங்கிய இடத்தில் தந்த குறிப்பில் 'சிறுநீரகப் பாதுகாப்பு' என்று இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த அளவு டோபமைன் ஏற்றி 328 பேரிடம் சோதித்து, சிறுநீரகத்துக்குப் பலனில்லை என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 2000-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இதன் உறவுக்கார மருந்தான ஐபோபமைன் கதை இன்னும் மோசம். கடும் இதயச் செயலிழப்பு உள்ள 1,906 பேரிடம் நடந்த பிரைம் 2 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 25 சதவீதமும் எடுக்காதவர்களில் 20 சதவீதமும் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 1997-ல் வந்தது. டோகார்பமைன் வேறு மூலக்கூறுதான், சரி. ஆனாலும் சிறுநீர் அளவை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள், இசிஜியையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.