450 டொலர் வாங்கி ரெக்கோர்டையும் கெடுத்த ரிக்கெற் கந்தோர்: கவனம்

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற கடிதம் இன்று காலை வந்தது. வருடத்துக்கு 600 டொலர் கூட. ஆத்திரம் ஆறுமுன்னமே எழுதுகிறேன். கனடாவின் ஒன்ராறியோவில் வேக ரிக்கெற்றோடு வழக்குப் பேச ஆள் தேடுகிறவர்கள் வாசியுங்கள்.

401 நெடுஞ்சாலையில், 100 ஓடவேண்டிய இடத்தில் 132 என்று பொலிஸ் எழுதிவிட்டது. அதற்கு லைசன்ஸில் 4 பொயின்ற் (குற்றப் புள்ளி). ஸ்காபரோவில் ஒரு பிளாசா மாடியில் இருக்கிற, ரிக்கெற் வழக்குப் பார்க்கிற கந்தோருக்குப் போனேன். அந்த ஆள் ஊர் விசாரித்தார், தேத்தண்ணி தந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊராம். ரிக்கெற்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணை, நீங்கள் கோர்ட் பக்கமே வரத் தேவையில்லை. ஒரு பொயின்றும் விழாது, ரெக்கோர்ட் கிளீன். இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியவே வராது" என்றார். அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் 450 டொலரை எண்ணிக் கொடுத்தேன்.

பிறகு சத்தமே இல்லை. எடுத்தால், "அவர் கோர்ட்டில நிக்கிறார்" என்று ஒரு பிள்ளை சொல்லும். கடைசியில் ஒரு மெசேஜ்: "வெற்றி அண்ணை! பொயின்ற் 0. ஃபைனை மட்டும் கட்டுங்கோ."

நடந்தது என்ன? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேகத்தை 115 என்று குறைப்பித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார். 15 கிலோமீற்றர் வரை கூட ஓடினால் பொயின்ற் இல்லை, அது சரி. ஆனால் குற்றத்தீர்ப்புத் தீர்ப்புத்தானே! பொயின்ற் என்பது லைசன்ஸை நிறுத்துவதற்குப் போக்குவரத்து அமைச்சு வைத்திருக்கிற கணக்கு. 2 வருடம் நிற்கும், 15 சேர்ந்தால் லைசன்ஸ் போகும். இன்சூரன்ஸ்காரர் அதை எண்ணுவதில்லை. அவர்கள் பார்ப்பது தீர்ப்பை. அது ரெக்கோர்டில் 3 வருடம் கிடக்கும். இதை இன்று எனக்கு விளங்கப்படுத்தியது என் இன்சூரன்ஸ் புரோக்கர்.

உடனே கந்தோருக்கு எடுத்தேன். "பொயின்ற் விழாது எண்டுதானே சொன்னனான்?" இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னது? "அது அவையின்ர பொலிசி." அப்பீல்? அதற்குத் தீர்ப்பிலிருந்து 30 நாள்தான், அது எப்பவோ முடிந்துவிட்டது. சரி, 450 டொலரைத் தாருங்கள் என்றால், "அது கோர்ட் செலவு" என்கிறார். என்ன செலவு? வழக்குத்தொடுநருடன் பேசி வேகத்தைக் குறைக்கக் கேட்பது சாதாரண விஷயம். நாங்களே காசில்லாமல் போய்க் கேட்கலாம். அதற்குப் போய் 450 டொலர்! இப்போது என் நம்பரையே புளொக் பண்ணிவிட்டார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காசு கொடுக்கமுன் அந்த ஆளின் பெயர் இப்படி வழக்குப் பேசுகிறவர்களுக்கு லைசன்ஸ் கொடுக்கிற ஒன்ராறியோ லோ சொசைற்றி பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். நான் இன்றுதான் தேடினேன், இவர் பெயர் அங்கே இல்லை. "என்னைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடாது" என்று எழுத்தில் வாங்குங்கள். ரிக்கெற் கிடைத்து 15 நாளுக்குள் பதில் போகவேண்டும், அதற்கு இப்படியான ஆட்களை நம்பியிருக்கவேண்டாம். கையில் காசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், எனக்கு ரசீதுகூட இல்லை.