வெஸ்ட்வுட்டை மூடியவர்களிடமே காசு கொடுத்து வாங்கிய கேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டர்டு கலெக்‌ஷனை நான் நல்ல மனதோடு வாங்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த கமாண்ட் அண்ட் கான்கர், ரெட் அலர்ட் என்ற இரண்டு கணினிப் போர் கேம்களைப் புதுப்பித்துத் தரும் தொகுப்பு இது. 2020 ஜூன் 5 அன்று வந்தது, அமெரிக்காவில் 20 டாலர் விலை வைத்திருந்தார்கள், கையில் காசும் இருந்தது. ஆனால் இந்தத் தொடரின் பெயரைச் சொல்லி, அதை விற்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இ.ஏ.) நிறுவனத்துக்கு இனி ஒரு பைசா கொடுப்பதில்லை என்று பல வருடமாக ஒரு வீம்பு. நான் வாங்காததால் அந்த நிறுவனம் இளைத்துப்போனதாகத் தகவல் இல்லை. கடைசியில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடி போட்ட ஒரு ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவன் மாதிரி வாங்கினேன்.

வீம்புக்குக் காரணம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1985-இல் பிரெட் ஸ்பெர்ரி, லூயிஸ் கேசில் என்ற இருவர் லாஸ் வேகஸில் தொடங்கியது. 1992-இல் டூன் 2, 1995-இல் கமாண்ட் அண்ட் கான்கர், அடுத்த வருடமே ரெட் அலர்ட். கனிமத்தை அள்ளு, காசாக்கு, பேஸ் (ராணுவத் தளம்) கட்டு, டாங்கி செய், எதிரியின் கூரையைப் பிரி என்கிற இந்த வகை கேமுக்கு இலக்கணம் எழுதியவர்கள் இவர்கள்தான். 1998-இல் இ.ஏ. இவர்களையும், கலிபோர்னியாவின் இர்வைனில் இருந்த இன்னொரு ஸ்டூடியோவையும் சேர்த்து 12 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2003-இல் லாஸ் வேகஸ் கடைக்குப் பூட்டு. வருகிறவர்கள் லாஸ் ஏஞ்சலஸுக்கு வரலாம், மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளலாம். வாங்கி ஐந்தே வருடம்.

சரி, கேமுக்கு வருவோம்.

திறந்ததும் மெனு வராது. 1995-இல் இந்த கேமை டாஸில் நிறுவினவர்களுக்குத் தெரியும், நிறுவுகிற வேலையையே ஒரு ராணுவக் கணினியை உயிர்ப்பிக்கிற காட்சி மாதிரி செய்திருப்பார்கள். பச்சை எழுத்து ஓடும், ஒரு பெண் குரல் பேசும். மற்ற கேம் எல்லாம் சதவீதம் ஏறுகிற பட்டையைக் காட்டி உட்கார வைத்த காலத்தில் அதுவே பாதி கேம் விளையாடின திருப்தி தரும். அந்தக் காட்சியைப் புதிதாகச் செய்து, முதல்முறை திறக்கும்போது ஓடவிடுகிறார்கள். குரல்கூட அதே கியா ஹன்ட்சிங்கர், இருபத்தைந்து வருடம் கழித்துத் திரும்ப வந்து பேசியிருக்கிறார். இதைப் போடச் சொல்லி எந்த விற்பனைப் பிரிவும் கேட்டிருக்காது. யாரோ ஒருவர், அந்தக் காலத்தில் அதே திரை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், இதை விட்டுவிடக் கூடாது என்று அடம்பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

படங்கள் முழுக்கப் புதிதாக வரையப்பட்டவை, 4கே வரை போகலாம். தனியாக விளையாடும்போது ஸ்பேஸ்பாரைத் தட்டினால் 1995-இன் பழைய படத்துக்குப் போகும், திரும்பத் தட்டினால் புதிது. முதல் மிஷனில் நான் சண்டையே போடவில்லை, கரையில் இறங்கின சிப்பாய்களை நிற்க வைத்துவிட்டு ஸ்பேஸ்பாரை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், என் நினைவில் இருந்த பழைய கேம் இந்தப் புதிய படம் மாதிரிதான் இருந்தது. நிஜப் பழசைப் பார்த்தால் கட்டம் கட்டமாக, ஆள் எது புதர் எது என்று தெரியாமல் இருக்கிறது. இதைத்தானா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விடிய விடிய பார்த்தோம்! வரைந்தவர்கள் மலேசியாவின் லெமன் ஸ்கை ஸ்டூடியோஸ். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தின் வளைவில் கை வைக்க மாட்டார் இல்லையா, அந்தப் பக்குவம் தெரிகிறது. டாங்கியின் உருவமும் அளவும் அப்படியே இருக்கின்றன, அழுக்கு மட்டும் போயிருக்கிறது.

மிஷன்களுக்கு நடுவில் வரும் நடிகர்கள் நடித்த வீடியோக்களில் இந்த வேலை பலிக்கவில்லை. அசல் ஒளிப்பதிவு நாடாக்கள் கிடைக்கவில்லையாம், அதனால் பழைய சிறிய வீடியோவையே மென்பொருளால் பெரிதாக்கியிருக்கிறார்கள். முகங்களில் எண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது. கேன் என்ற வில்லனாக வரும் ஜோ கூகன் மட்டும் எத்தனை மங்கலாக்கினாலும் கண்ணாலேயே மிரட்டிவிடுகிறார். பழைய படப்பிடிப்புத் துண்டுகள் கொஞ்சம் இ.ஏ.வின் காப்பகத்தில் கிடைத்திருக்கின்றன. மிஷன்களை முடிக்க முடிக்க அவை ஒவ்வொன்றாகத் திறக்கும். வசனத்தை மறந்து சிரிக்கும் ஆட்கள், பின்னால் வெறும் திரை. எனக்கு இதுதான் இந்தத் தொகுப்பின் ரகசிய இனிப்பு. மூடப்பட்ட ஒரு ஆபீஸில் ஆட்கள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பது ஒரு மாதிரியாகவும் இருக்கிறது, என்ன சொல்ல.

இசையைப் பற்றி நிறைய எழுத வேண்டாம், ஃபிராங்க் கிளெபாக்கியே வந்து தன் பழைய இசையைச் சீர்செய்திருக்கிறார், ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ரெட் அலர்ட்டின் பூட்ஸ் கால் சத்தம் கேட்கும் அந்த ஹெல் மார்ச் வந்ததும் வால்யூமை ஏற்றினேன், பக்கத்து அறையில் லைட் எரிந்தது, இறக்கினேன்.

விளையாட்டில் என்ன மாற்றம் என்றால், பக்கவாட்டுப் பட்டையைப் பிரித்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், ஒரே வகை டாங்கியை வரிசையாகப் பதிவு செய்துவிட்டுச் சண்டையைக் கவனிக்கலாம். பழைய கேமில் ஒன்று முடிந்ததும் ஓடிவந்து அடுத்ததைத் தட்ட வேண்டும், தட்ட மறந்தால் தொழிற்சாலை சும்மா நிற்கும். வலது கிளிக்கில் ஆணையிடுகிற இக்காலப் பழக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள், பிடிக்காதவர்கள் பழைய முறைக்கே மாற்றிக்கொள்ளலாம். கோவர்ட் ஆபரேஷன்ஸ், கவுன்டர்ஸ்டிரைக், ஆஃப்டர்மாத் மூன்று விரிவாக்கங்களும் உள்ளேயே உண்டு. தனியாகக் காசு கேட்கும் பெட்டி கிட்டி எதுவும் கிடையாது.

மாறாதது மூளை. கனிமம் அள்ளும் ஹார்வெஸ்டர் இருக்கிறதே, அது 1995-இல் எவ்வளவு அசடோ இன்றும் அவ்வளவு அசடு. பக்கத்து வயல் தீர்ந்ததும் நமக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எதிரி பீரங்கிக்கு முன்னாலேயே மேயப் போய்விடும். சிப்பாய்களை ஒரு பாலத்தைத் தாண்டச் சொன்னால் பாதிப் பேர் கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி வேறு பக்கம் போகிறார்கள். இதைக் குறை என்று எழுதலாம், புதிதாக இன்று தொடங்குகிற பையனுக்கு நிச்சயம் எரிச்சல் வரும். ஆனால் அதே அசட்டு மூளைதான் மணல் மூட்டை வித்தையையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. முதல் கேமில் கணினி எதிரி மணல் மூட்டைச் சுவரைச் சுடாது. அதனால் நம் பேஸிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக வைத்துக்கொண்டே போய் எதிரியின் வாசலை அடைத்துவிட்டால், அவன் உள்ளே டாங்கி டாங்கியாகச் செய்து அடுக்கிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பான். பள்ளிக்கூட நாளில் ஒரு நண்பன் வீட்டு பென்டியத்தில் நாங்கள் இருவரும் இதைக் கண்டுபிடித்தபோது, உலகத்தில் நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது கசப்பான பகுதி. செய்தது யார் என்று பார்த்தால், பெட்ரோகிளிஃப். 2003-இல் வெஸ்ட்வுட் மூடப்பட்டபோது லாஸ் ஏஞ்சலஸுக்குப் போக மாட்டோம் என்று லாஸ் வேகஸிலேயே நின்றுவிட்ட ஆட்கள் தொடங்கின கம்பெனி அது. முதல் கேமின் முதன்மை நிரலாளர் ஜோ பாஸ்டிக் அங்கேதான் இருந்தார், கிளெபாக்கியும் அங்கேதான். ஆக, குடியிருந்தவர்களைக் காலி பண்ணச் சொல்லி வீட்டை இடித்தவர், பதினைந்து வருடம் கழித்து அதே ஆட்களைக் கூலிக்குக் கூப்பிட்டு, பழையபடியே கட்டிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கட்டினதும் நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் பத்திரம் இன்னும் இடித்தவர் பெயரில்.

நடுவில் அந்தப் பத்திரத்தை வைத்து என்னவெல்லாம் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த மூன்றாவது பாகம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். 2010-இல் நான்காவது பாகம், அதில் பேஸ் கட்டுவதையே எடுத்துவிட்டார்கள், தனியாக விளையாடவும் இணையம் அறுபடாமல் இருக்க வேண்டும். சாம்பார் இல்லாத இட்லிக் கடை என்றாவது சொல்லலாம் என்று பார்த்தால் இதில் இட்லியே கிடையாது. பிறகு ஒன்றைத் தொடங்கி, 2013-இல் பாதியில் நிறுத்தி, செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். 2018-இல் மேடை போட்டு ரைவல்ஸ் என்ற போன் கேமை அறிவித்தபோது ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள், முன்னோட்ட வீடியோவில் பிடித்தவர்களைவிடப் பிடிக்காதவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்தத் திட்டு வாங்கிய பிறகுதான் இ.ஏ.வின் தயாரிப்பாளர் ஜிம் வெசெல்லா ரசிகர்களிடமே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார், அதே வருடம் நவம்பரில் இந்த ரீமாஸ்டர் அறிவிப்பு வந்தது. ரசிகர்களில் சிலரைச் சேர்த்து ஒரு குழு அமைத்து அவர்களிடம் காட்டிக் காட்டிச் செய்தார்கள். திட்டினால் காரியம் நடக்கும் என்று நான் எங்கேயும் சிபாரிசு செய்வதில்லை, இங்கே நடந்தது.

இன்னொன்று, இ.ஏ.வின் அப்போதைய தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ 2008-லேயே ஒரு மாநாட்டில், தாங்கள் வாங்கிய புல்ஃப்ராக், ஆரிஜின், வெஸ்ட்வுட் ஸ்டூடியோக்கள் விஷயத்தில் சொதப்பிவிட்டோம், அதில் தனக்கும் பங்கு உண்டு என்கிற மாதிரி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த நான்காவது பாகம் வந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயம் இல்லை. என் கோபத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. எனக்கு உயிரான கேம் இந்தத் தொகுப்பில் உள்ள இரண்டும் இல்லை, ரெட் அலர்ட் 2. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் எல்லா சிஸ்டத்திலும் அது ஏற்றியிருக்கும், யார் திரையிலாவது கிரோவ் ரிப்போர்ட்டிங் என்று குண்டு போடும் ஆகாயக் கப்பலின் குரல் கேட்டால் மற்ற மூன்று பேரும் பதறிப்போய் விமான எதிர்ப்புத் துப்பாக்கி கட்டுவோம், சென்டர் அண்ணன் டைம் ஆச்சுப்பா என்று வந்து நின்றால் அண்ணே அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சுவோம். அது வந்தது 2000-இல். அதாவது இ.ஏ. வாங்கி இரண்டு வருடம் கழித்து. அதைச் செய்தது பெரும்பாலும் லாஸ் வேகஸ் ஆட்கள்கூட இல்லை, அந்தப் பேரத்திலேயே கூட வந்த இர்வைன் ஸ்டூடியோ, அப்போது வெஸ்ட்வுட் பசிபிக் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அதே ஸ்டூடியோவுக்கு இ.ஏ. பசிபிக் என்று பெயர் வைத்த பிறகு வந்ததுதான் இந்தத் தொடரின் ஜெனரல்ஸ் என்ற கேம். ‘இது வெஸ்ட்வுட் கேமே இல்லை, இ.ஏ. கெடுத்துவிட்டது’ என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அதைத்தான். பெட்டி மேல் இருந்த சின்னத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், சின்னம் மாறியதும் திட்டினேன். இது தெரிந்த பிறகும் கோபம் முழுசாகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம், அந்தக் காலத்தில் விளையாடினவர் என்றால் முழு விலைக்கே. கேமின் மூல நிரலில் ஒரு பகுதியை ரீமாஸ்டர் வந்த கையோடு, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், வரைபடம் செய்யும் கருவியும் கூடவே வருகிறது, அதனால் ரசிகர்கள் செய்த மிஷன்கள் தீரவே தீராது. 2025-இல் இதே தொடரின் ஜெனரல்ஸ், ரெனகேட் கேம்களின் நிரல்களையும் திறந்துவிட்டார்கள், கசந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். ரெட் அலர்ட் 2 வேண்டும் என்பவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். அது 2024 மார்ச்சில் ஸ்டீமுக்கு வந்த அல்டிமேட் கலெக்‌ஷனில் இருக்கிறது, ஈயம் பூசாத பழைய பாத்திரமாகவே. இணையத்தில் சேர்ந்து விளையாட ரசிகர்களே நடத்தும் சிஎன்சிநெட்தான் கதி.

அந்த பென்டியம் நண்பன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். வாங்கின செய்தியைச் சொன்னதும், “அவனுங்களுக்கா மச்சான் காசு கொடுத்த, வெட்கமா இல்ல?” என்று ஆரம்பித்து, 2003-இல் இருந்து வரிசையாக எல்லாக் கணக்கையும் ஒப்பித்தான். நானும் எதிர்த்துப் பேசவில்லை, ஆமாம்டா, ஆமாம்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வைக்கப் போகிறபோது கொஞ்சம் குரலை இறக்கிக் கேட்டான்: “மணல் மூட்டை இன்னும் வேலை செய்யுதா?”