7,500 ரூபாய் போச்சு: பாளையங்கோட்டைப் பக்கம் எடை குறைப்பு மையம்னு போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

இன்னைக்குக் காலையில என்னை அந்த மையத்து வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: என் 7,500 ரூபாய் எப்ப வரும்? கோவத்துலதான் எழுதுதேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பேரு போட மாட்டேன். போட்டா கேஸ் போடுவோம்னு ஏற்கனவே வாய்ஸ் நோட் வந்தாச்சு. எந்த மாதிரி இடம்னு மட்டும் சொல்லுதேன்.

கீழ செல்போன் கடை, மேல ரெண்டு ரூம். மாடிப்படியில ஒரு பேனர். "உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே, தினம் 60 ரூபாயில் எடை குறையுங்கள்." அந்த 60 ரூபாய்தான் என்னைப் படி ஏற வச்சுது. நான் ஜவுளிக்கடையில சேலை பிரிவுல நிக்கிற ஆளு. காலையில ஏறுனா ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கால்லதான். குதிங்கால் வலின்னு போன இடத்துல ரத்தம் பார்த்துட்டு டாக்டரம்மா, "சுகர் பார்டர்ல நிக்கு, வெயிட்டைக் குறைங்க, வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சாலே போதும்"னாங்க. எங்க வீடு ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, ரேஷன் பாமாயில்ல ஓடுத வீடு. யூடியூப்ல காட்டுத சாலட்டெல்லாம் நமக்கு எங்க கட்டுபடியாகும்?

மயினியையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். உள்ள ஒரு சின்னப் பிள்ளை, இருபத்தஞ்சு வயசு இருக்கும். கோச்சாம். "வாங்கக்கா, எந்தூரு? சுத்தமல்லியா? எங்க அம்மைக்கும் அந்தப் பக்கம்தான்"னு ஆரம்பிச்சா. வெறுங்கால்ல ஒரு மெஷின்ல ஏறி ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொன்னா. எனக்கு 38 வயசு. மெஷின் "உடம்பு வயசு 54"னு காட்டிச்சு. மயினி வாயப் பொத்திக்கிட்டா.

அதுக்கு மேலதான் விஷயம். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, நான் என்ன திங்கேன்னு காலையில இருந்து ஒண்ணொண்ணா கேட்டா. பழையது, வெங்காயம், மத்தியானம் கடைக்குக் கொண்டு போற புளிச்சாதம், நாலு மணி டீயும் ஒரு வடையும், ராத்திரி மிஞ்சுன குழம்பு. "காணத் துவையல் வைப்பீங்களாக்கா? ரொம்ப நல்லது"ன்னு அதுக்குக் கீழ கோடு போட்டா. (காணம்னா கொள்ளு.) என் போன்ல இருந்த பிள்ளைங்க படத்தைப் பார்த்துட்டு ரெண்டு பேரு பேரையும் கேட்டு அதையும் எழுதிக்கிட்டா. நான் என்ன சாப்பிடுதேன்னு இம்புட்டு வருஷத்துல ஒருத்தரும் உக்காந்து கேட்டதில்ல. அந்த நோட்டைப் பார்த்துதான் நம்புனேன். வேற எதையும் பார்த்து இல்ல.

மூணு மாசத்துக்கு 7,500. தினம் 60 ரூபாய்னா 90 நாளுக்கு 5,400தானன்னு மயினி கேட்டா. மீதி பதிவுக் கட்டணம், மெஷின் கட்டணம்னு பதில். "முதல் மாசத்துல அஞ்சு கிலோ குறையலன்னா முழுப் பணமும் வாபஸ்க்கா, நான் பொறுப்பு"ன்னா. தீபாவளிச் சீட்டுல வந்த பணம் கையில இருந்தது. அங்கனயே ஜிபேல போட்டுவிட்டேன். பணம் போனது மையத்து பேருக்கு இல்ல, ஒரு ஆளு பேருக்கு. ரசீது "வாட்ஸ்அப்ல அனுப்புதேன்க்கா". இன்னும் வரல.

வந்தது ஒரு பிடிஎப். திறந்தா: காலையில அவகேடோ அரை, முட்டை வெள்ளைக் கரு நாலு. மத்தியானம் குயினோவா, பிராக்கோலி. ராத்திரி கிரில் பண்ணுன சால்மன் மீனு, ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன். தலைப்புல "ஆண், 29 வயது, 182 செ.மீ., வாரம் ஐந்து நாள் ஜிம்"னு இருக்கு! பேரை மட்டும் அழிச்சிருக்காங்க. என் காணத் துவையல் எங்க போச்சு? மகாராஜநகர் உழவர் சந்தையில போய் சால்மன் எங்கன்னு கேக்கவா?

கூடவே ஒரு வெள்ளிக் கவர்ல சத்துப் பவுடர், ஒரு டப்பாவுல மூலிகை டீ. கவர்ல மையத்து ஸ்டிக்கர் மட்டும். தயாரிச்ச தேதி கிடையாது, என்ன சேர்த்திருக்குன்னு கிடையாது, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் கிடையாது. அந்த டீயைக் குடிச்ச மறுநாள்ல இருந்து வயிறு போக ஆரம்பிச்சுது. கஸ்டமருக்குச் சேலையை விரிச்சுப் போட்டுட்டு ஓட வேண்டியிருந்தது, சூப்பர்வைசர் முறைக்காரு. முதல் வாரத்துல கிட்டத்தட்ட மூணு கிலோ குறைஞ்சுது. குரூப்ல கைதட்டு, பூங்கொத்து, "சூப்பர் சிஸ்டர்". தண்ணியும் மலமும் போனா முள் இறங்கத்தான் செய்யும், கொழுப்பு எங்க போச்சு? நாலு நாள் டீயை நிறுத்துனேன், போன எடை அப்படியே திரும்பி வந்துட்டு.

டப்பாவை டவுன்ல ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர்கிட்ட கொண்டு போய்க் காட்டுனேன். உள்ளங்கையில கொட்டி, இலையைக் கிள்ளி மோந்துட்டு, "நிலாவாரைல்லா இது. பேதி மருந்து. யாரு தாயி இதை தினமும் குடிக்கச் சொன்னா?"ன்னாரு. நம்ம சீமை மானாவாரிக் காட்டுல விளைஞ்சு, "தின்னவேலி சென்னா"ங்கிற பேருல தூத்துக்குடியில கப்பல் ஏறுத இலை. மலச்சிக்கலுக்கு ஒண்ணு ரெண்டு நாள் எடுக்கிறது. தொடர்ந்து குடிச்சா உடம்புல பொட்டாசியம் இறங்கும், இதயத்துக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா பிறகு திட்டுனாங்க. நம்ம ஊரு இலையை நமக்கே, பேரு சொல்லாம, 7,500 ரூபாய்க்கு!

லேப்ல வேலை பாக்கிற எங்க சித்தி மகன்கிட்ட அந்த மெஷினைப் பத்திக் கேட்டேன். லேசா ஒரு மின்சாரத்தை உடம்புக்குள்ள விட்டுக் கணக்குப் போடுதது அது. தண்ணி குடிச்சா ஒரு நம்பர், வேர்த்துட்டு ஏறுனா ஒரு நம்பர். உடம்பு வயசுங்கிறது மெஷின் கம்பெனி போட்ட கணக்கு, எந்த டாக்டரும் அதை வச்சு வைத்தியம் பாக்கிறதில்லன்னான்.

பணத்தைக் கேட்டுப் போனேன் பாருங்க, அப்பதான் வேடிக்கை. முதல்ல, "உடம்பு டீடாக்ஸ் ஆகுது மேடம், பயப்படாதீங்க." அடுத்து, "நீங்க பிளானை ஃபாலோ பண்ணல மேடம், சால்மன் சாப்பிட்டீங்களா?" மெய்யாவே இதைக் கேட்டா. அதுக்கப்புறம் "சார் மீட்டிங்ல இருக்காரு." "ரீபண்ட் ப்ராசஸ்ல இருக்கு." "ரெண்டு பேரைச் சேத்து விடுங்க, அந்தக் கமிஷன்லயே உங்க காசு வந்துரும்." நேர்ல போனா அந்தப் பிள்ளை அங்க இல்ல, வேற ஒருத்தி இருந்தா. என் பேரைச் சொன்னதும் ஒரு நோட்டைப் புரட்டுனா, அதே நோட்டுதான். என் பக்கமே அதுல இல்ல. கிழிச்ச விளிம்பு மட்டும் இருந்தது. எங்க வீட்டுக்காரர் சத்தம் போடவும், "பாசிட்டிவா இருங்க சார்"னு கதவைச் சாத்திட்டாங்க.

7,500 ரூபாய்க்கு என் வீட்டுல என்னென்ன வரும்? ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். காணம், நிலக்கடலை ரெண்டுலயும் புரதம் கொட்டிக் கிடக்கு. சாளை மீனு, முட்டை, கொல்லையில முருங்கைக்கீரை. சோத்துல ஒரு கரண்டியைக் குறைச்சுக் கீரையும் காயும் கூட்டி, நாலு மணி வடையை விட்டு, டீயில சீனியைப் பாதியாக்கு, தினம் அரை மணி நேரம் நடன்னு டாக்டரம்மா ஓசியிலயே சொல்லிட்டாங்க.

பட்ஜெட்ல எப்படிக் குறைக்கன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். கடைக்கு நேரமாச்சு, முக்கியமானதை மட்டும் சொல்லிருதேன். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இல்லாத பாக்கெட்டை வாயில வைக்காதீங்க. மூலிகைன்னு எதையாவது குடுத்தா பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காட்டிக் கேட்டுட்டுக் குடிங்க. வாபஸ்னு சொன்னா பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. தனி ஆளு ஜிபேக்குப் பணம் போடாதீங்க. ஏற்கனவே போட்டிருந்தா ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காம 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிங்க. அதுல தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நீங்க குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நான் இன்னைக்குப் புகார் பதிஞ்சிட்டேன்.

அடுத்த மாசம் தென்காசியிலயும் திறக்காங்களாம், அதே 60 ரூபாய் பேனரோட. அங்க சொந்தபந்தம் இருக்கிறவங்க இதை இப்பமே அனுப்பி விடுங்க.