பன்னிரண்டு ஆண்டுகளாக ஜிஜிஇ பைப்ளாட்: ஒரு கோதுமைக்காரனின் அனுபவம்

கோவையில் நெல் ஆராய்ச்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், பல இடங்களில் நடத்திய ரகச் சோதனைக்கு ஜிஜிஇ பைப்ளாட் (ரகங்களின் விளைச்சலையும் அது இடத்துக்கு இடம் மாறும் விதத்தையும் ஒரே படத்தில் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம்) மட்டும் போதுமா என்று சென்ற வாரம் கேட்டார். வடமேற்குச் சமவெளியில் கோதுமைச் சோதனைகளுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் படத்தை வரைந்து வருபவன் என்பதால், அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. வரையும் முறையும் கணக்கும் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படத்துக்கு உரிய பாராட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் எங்களிடம் இருந்தது 1966-இல் வந்த எபர்ஹார்ட்–ரசல் முறை. சூழல் மேம்பட மேம்பட ரகத்தின் விளைச்சல் ஏறும் வேகமான சரிவுக்கெழு ஒன்றை ஒட்டியும், அந்த நேர்கோட்டிலிருந்து விலக்கம் சுழியை ஒட்டியும் இருந்தால் ரகம் நிலையானது என்று அது சொல்லுமே தவிர, எந்த ரகத்தை எங்கே கொடுப்பது என்பதற்கு அதில் நேரடியான பதில் கிடைக்காது. 2000-இல் இந்த முறையை உருவாக்கிய வெய்கை யானும் அவருடைய குழுவினரும் ஒன்டாரியோவின் குளிர்காலக் கோதுமைத் தரவில் பைப்ளாட்டைப் பயன்படுத்தியபோது, மாகாணத்தின் கிழக்குப் பகுதி தனி மண்டலமாகப் பிரிந்து நின்றது. எந்தச் சூழலில் எந்த ரகம் முதலிடம் என்று படத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் பலகோணத்தை நான் முதன்முதலில் வரைந்தபோதும் அப்படி ஒன்று நிகழ்ந்தது. ஒரே பண்ணையில் நவம்பரில் விதைத்த பாத்திகளும் டிசம்பரில் விதைத்தவையும் எதிரெதிர்க் கூறுகளில் விழுந்தன. அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்கும் பழக்கத்தை அன்றே விட்டோம். அந்த ஒரு படத்துக்காகவே இந்த முறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

என் எரிச்சலெல்லாம் அந்தச் சிறு வட்டத்தின் மேல்தான். எல்லாச் சூழல்களின் சராசரியை நோக்கிப் போகும் கோடுதான் சராசரிச் சூழல் அச்சு; அதை ஒட்டி நிற்கும் ரகம் நிலையானது என்று கொள்வார்கள். அதன் அம்பு நுனியில், விளைச்சலும் நிலைத்தன்மையும் சேர்ந்த ‘இலட்சிய ரகம்’ இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி வட்டங்கள் வரைகிறார்கள். கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்ட மறுகணமே எல்லாக் கண்களும் அங்கேதான் போகும், விரல்களும் அங்கே உள்ள புள்ளியைத்தான் சுட்டும். தரவிலுள்ள வேறுபாட்டில் எவ்வளவைப் படத்தின் இரண்டு அச்சுகளும் காட்டுகின்றன என்று அவற்றின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள இரண்டு சதவீதங்களை யாரும் படிப்பதில்லை. எங்கள் தரவில் அந்தச் சதவீதங்களின் கூட்டுத்தொகை பல ஆண்டுகளில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது. மீதிப் பாதி படத்திலேயே இல்லை. மும்முறை விதைத்த ஒரே ரகத்தின் பாத்திகளுக்கிடையில் ஹெக்டேருக்கு மூன்று, நான்கு குவிண்டால் வேறுபடுவது எங்களுக்குச் சாதாரணம். படத்திலோ அதைவிடச் சிறிய வித்தியாசமும் இரண்டு தெளிவான புள்ளிகளாகத் தள்ளித் தள்ளி நிற்கும். போதாக்குறைக்கு, சராசரிச் சூழல் அச்சின் மறுகோடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ரகமும் ‘நிலையானது’தான், எல்லா ஊரிலும் தவறாமல் குறைவாக விளைவதும் நிலைத்தன்மைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

2022 மார்ச்சில் இந்த எரிச்சல் கோபமாகவே மாறியது. இந்தியாவில் 1901 முதலான பதிவுகளில் அதுவே மிக வெப்பமான மார்ச். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களின் படத்தில் வட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்த எங்கள் ரகம் நீண்ட வயதுடையது. வெயில் ஏறியபோது அது பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. ஏப்ரலில் கதிரடித்துக் கையில் அள்ளிப் பார்த்தால், மணிகள் நெடுக்கே பள்ளம் விழுந்து சூம்பிக் கிடந்தன. கைப்பிடி நிறைய இருந்தும் உள்ளங்கையில் கனம் இல்லை. பத்து நாள் முன்னதாக முதிர்ந்த, படத்தில் யாரும் திரும்பிப் பார்த்திராத ரகம்தான் அந்த ஆண்டு தப்பியது.

நியாயமாகப் பார்த்தால், பழியில் பாதி என்னுடையது. இரண்டு ஆண்டுத் தரவை இடவாரியாகச் சராசரியாக்கிவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஏற்ற இறக்கத்தை நானே மறைத்துவிட்டு, படம் அதைக் காட்டவில்லை என்று குறைப்பட முடியாது. ஒரே பாங்கு பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தெரிந்தால்தான் மண்டலம் பிரிக்கலாம் என்பதை வெய்கை யான் அவர்களே வலியுறுத்தியிருக்கிறார். ஆனாலும் இரண்டே பருவத் தரவைக் கொடுத்தாலும் இருபது பருவத் தரவுக்கு உரிய அதே நம்பிக்கையோடு வட்டம் போட்டுக் காட்டும் படத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில் செலவில்லாமல், நான்கு வரியில் வரைந்துவிடலாம். இருந்தும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இடமும் ஆண்டும் தனித்தனியாக வரும்படி குவிண்டால் கணக்கில் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு ரகமும் மிக மோசமான பருவத்தில் எவ்வளவு கொடுத்தது என்பதை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் படம் வேண்டும் என்று தோன்றினால் பலகோணத்தை மட்டும் வரையுங்கள், சதவீதங்களைத் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். நானும் வருகிற ஏப்ரலில் அப்படித்தான் வரையப்போகிறேன்.